கூண்டு ஏற்றுகிறவர்களுக்கும் படம் போடுகிறவர்களுக்கும்: கடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

புயல், மழை எச்சரிக்கைப் படங்களை வெளியிடும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு அதைச் செய்து கொடுக்கும் என் தொழில்காரர்களுக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகரில் சின்னதாக ஒரு பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதருடைய ஆயுள் முழுக்க என் மெஷினில் சதுர அடிக் கணக்கில் ஓடும். அக்டோபர் பிறந்தால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். புயல் எச்சரிக்கை பேனர், வெள்ளப் பலகை, "பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" போர்டு. இந்த மடல் அந்த வேலையைப் பற்றியது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து வாட்ஸாப்பில் மேட்டர் வந்தது. பத்துக்கு ஆறு பேனர். மேலே பெரிய எழுத்தில் "மஞ்சள் எச்சரிக்கை". அதற்கேற்ப பின்னணி முழுக்க மஞ்சள். இரண்டு ஓரத்திலும் கைகூப்பிச் சிரிக்கும் பெரிய மனிதர்கள். சொன்னபடி அடித்து, மை காயட்டும் என்று வாசலில் விரித்துப் போட்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு முதலாம் ஆண்டு நினைவு போஸ்டர் சொல்ல வந்திருந்த மீன்கார ஆயா ஒருவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார்: "யார் வீட்டுப் பொண்ணுக்குத் தம்பி மஞ்சத்தண்ணி?"

கடையில் எல்லோரும் சிரித்தோம். ராத்திரி படுக்கும்போது சிரிப்பு வரவில்லை. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தை எடுத்துவிட்டு அந்த பேனரைப் பார்த்தால் மிச்சம் இருப்பது என்ன? தகதகவென்று மஞ்சள், கைகூப்பிய முகங்கள், ஓரத்தில் பூ வேலை (அது நான் போட்டது, வெறுமையாக இருக்கிறதே என்று). வேறு எப்படித்தான் அதைப் படிக்க முடியும்? ஆயா சரியாகத்தான் படித்தார். தப்பாக எழுதியது நாங்கள்.

எங்கள் பக்கம் மஞ்சள் என்றால் நல்ல சேதி. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் சாமி முன்னால் வைக்கிறோம். காரியப் பத்திரிகைக்கு மஞ்சள் கிடையாது, கறுப்புக் கட்டம்தான். படித்த பிறகு அதை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வார்த்தை படிக்காமலே, மூலையைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடலாம். அதே மஞ்சள், "அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று வந்தால் திவால். கடன் கொடுத்தவனுக்கு வயிறு கலங்கும். அதே மஞ்சள் சிக்னல் கம்பத்தில் எரிந்தால் "நிற்கத் தயாராகு". கடலூரில் அதை "சீக்கிரம் போ" என்று படிக்கிறார்கள், அது வேறு கதை. நிறத்துக்குள் அர்த்தம் உட்கார்ந்திருக்கவில்லை. எந்த இடத்தில், எதோடு சேர்ந்து, யார் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

வானிலை ஆய்வு மையத்தின் நான்கு நிறங்களை நான் குறை சொல்லவில்லை. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செய்ய வேண்டியதை உடனே செய். நம்மை என்ன செய்யச் சொல்கிறது என்பதுதான் அந்த நிறத்தின் பொருள். எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், "ரெட் அலர்ட்னா இருபது சென்டிமீட்டருக்கு மேல மழை" என்பார்கள். ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை என்பது தனிக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில் டிவிக்குப் பங்கு உண்டு, என்னைப் போன்ற பேனர்க்காரர்களுக்கும் உண்டு.

என் அக்கா மகள் புதுச்சேரியில் ஊடகப் படிப்பு படிக்கிறாள். ஆயா கதையைச் சொன்னபோது, "மாமா, இதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு, குறியியல்னு பேரு. முப்பது வருஷமா நீ செய்யறது அதுதான்" என்று நோட்டைக் காட்டினாள். அமெரிக்காவில் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் என்று ஒருவர், 1839இல் பிறந்து 1914இல் இறந்தவர். குறிகளை அவர் மூன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பொருளைப் போலவே இருக்கும் குறி ஒன்று: மீன் கடைக்கு மீன் படம். பொருளோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும் குறி இன்னொன்று: புகை தெரிந்தால் அடியில் நெருப்பு, மணலில் காலடி இருந்தால் யாரோ போயிருக்கிறார்கள்; நீட்டிக் காட்டும் விரலும் அம்புக்குறியும் இதில்தான் சேரும். மூன்றாவது, ஊர் கூடி ஒப்புக்கொண்டதால் மட்டும் பொருள் பெறுவது. படச்சட்டத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் சின்னச் சிவப்பு பல்பு எரிந்தால் அவர் உயிரோடு இல்லை. மாலைக்கும் சாவுக்கும் இயற்கையில் சம்பந்தம் ஏது? நாம் வைத்ததுதான். கடைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் மணிவிழா பேனரில் பெரியவர் படத்தைச் சுற்றி அழகாக மாலை போட்டுவிட்டான். அந்தக் குடும்பம் வந்து போட்ட சத்தத்தில் அன்றைக்கே அவன் குறியியல் முழுசும் படித்துவிட்டான்.

பார்க்கிறவர் மாறினால் படிப்பும் மாறும். புதுச்சேரிக் காவலர்களின் சிவப்புத் தொப்பியை வெளியூர்க்காரர் படம் பிடித்துக்கொண்டு போகிறார். அவருக்கு அது பிரான்ஸ். ஹெல்மெட் இல்லாமல் கடலூரிலிருந்து வண்டியில் போகிற எனக்கு அது அபராதம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஆட்கள் இதையெல்லாம் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். துறைமுகக் கம்பத்தில் ஏறும் புயல் கூண்டைச் சொல்கிறேன். 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று சீரழித்தது. அடுத்த வருஷமே, 1865இல், இந்தியாவில் முதல்முதலாக அந்தத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. பகலில் கம்பத்தில் கூண்டு, இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. பகலில் அவர்கள் நிறத்தை நம்பவில்லை, பாருங்கள். தண்ணீரின் பளபளப்புக்கு நடுவே, தூரத்துப் படகிலிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு நிறம் கரைந்துபோகும். வானத்தை முதுகில் வைத்துக்கொண்டு நிற்கும் கறுத்த உருவம் கரையாது. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் உள்ளவனும் அதைப் படிக்கலாம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆர்ட்டிஸ்ட், சுவரில் தூரிகை வைப்பதற்கு முன்னால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். "பஸ்ஸுல போறவன் கண்ணால பாருடா" என்பார். கூண்டை யோசித்தவர் படகில் போகிறவன் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆனால் இன்றைக்கு அந்தக் கூண்டை யார் பார்க்கிறார்கள்? ஒவ்வோர் எண்ணுக்கும் கம்பத்தில் ஒரு தனி உருவம் உண்டு, ஆனால் எண் மட்டும்தான் வீட்டுக்கு வருகிறது. "கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் இத்தனையாம் எண் கூண்டு" என்று டிவியில் ஓடும் ஒரு வரி. உருவத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுத்ததும் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. எண் என்றாலே நாம் ஏணி என்று படிக்கிறோம். ஐந்தைவிட ஆறு பெரிது, ஆறைவிட ஏழு பெரிது, பதினொன்று வந்தால் ஊரே காலி. உண்மையில் அந்தக் கணக்கு அப்படி இல்லை.

ஒன்றிலிருந்து நான்கு வரை முன்னெச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்; புயல் எந்தப் பக்கமாகப் போகும் என்பதில்தான் வித்தியாசம். துறைமுகத்தைத் தன் பாதைக்கு இடப்பக்கம் விட்டுப் போனால் 5, வலப்பக்கம் விட்டுப் போனால் 6, துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ வந்தால் 7. இதே மூன்றும் கடும் புயலாக இருந்தால் 8, 9, 10. பதினொன்று பத்தைவிடப் பெரிய புயல் இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பதுதான் அதன் பொருள். சேதி வரவில்லை என்பதையே சேதியாகக் கம்பத்தில் ஏற்றுகிறார்கள்! என்ன மூளை! அதை "உச்சகட்ட அபாயம்" என்று சிவப்பு எழுத்தில் நானே ஒருமுறை பேனரில் அடித்திருக்கிறேன்.

இடமா வலமா என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. வங்கக் கடல் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கிழக்கிலிருந்து நம் கரைக்கு வரும் புயலுக்கு வலப்பக்கம் என்றால் வடக்கு; அங்கே காற்று கடலைக் கரைமேல் தள்ளும். இடப்பக்கமான தெற்கில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். ஆக, 6 என்றால் முதலில் தண்ணீருக்குப் பயப்பட வேண்டும், 5 என்றால் முதலில் கூரைக்கும் மரத்துக்கும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதன் பாதைக்கு இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள். அன்றைக்கு எங்கள் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்பதைப் பண்ருட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே புயலுக்கு இரண்டு ஊரும் வேறு வேறு விதமாகத் தயாராக வேண்டும். அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு கம்பத்தில் ஒரு கூண்டு தொங்கிக்கொண்டிருக்க, கீழே வீடுகளுக்கு "ஆறாம் எண், அஞ்சைவிட அதிகம்" என்று போய்ச் சேருகிறது.

இனி என் சொந்தத் தப்பு ஒன்று. சுனாமி, புயல் சமயத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் போர்டுகளை ஒருமுறை அடித்துக் கொடுத்தேன். நீலப் பின்னணி, ஓர் அலை, அதற்கு முன்னால் இடது பக்கம் பார்த்து ஓடும் வெள்ளை மனிதன். இரண்டு பக்கமும் தெரியும்படி மாட்ட வேண்டும் என்றார்கள். ஒரே ஃபைல்தானே, முன்னும் பின்னும் அதையே ஒட்டினேன். கடலை ஒட்டித் தெற்கு வடக்காகப் போகும் தெருவில், ரோட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டினார்கள்.

தெற்கிலிருந்து வடக்கே போகிறவருக்குக் கடல் வலது கைப்பக்கம். போர்டில் உள்ள ஆள் இடது பக்கம் ஓடுகிறான், மேற்கே, ஊருக்குள். சரிதான். அதே தெருவில் திரும்பி வாருங்கள். இப்போது கடல் இடது கைப்பக்கம். பின்பக்கத்து ஆளும் இடது பக்கம்தான் ஓடுகிறான். நேராகக் கடலுக்குள்.

மாட்டி எட்டு மாதம் கழித்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பையன் ஒருவன் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது. "அண்ணே, ஒருத்தன் கடலை விட்டு ஓடுறான், இன்னொருத்தன் கடலுக்கே ஓடுறானே, அவன் மீன் புடிக்கவா?" படத்தில் பிழையே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் நூறு தடவை பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அம்புக்குறியும் ஓடும் ஆளும் நின்ற இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. இடத்தை மாற்றினால் அதே படம் பொய் சொல்கிறது. பின்பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டிருந்தால் முடிந்தது. ஒரு பட்டனை அழுத்தும் வேலை. மறுநாளே மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அந்த போர்டிலிருந்த அலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சுனாமி என்றாலே நுனி சுருண்டு, நகம் நகமாக நுரை தெறிக்கும் ஒரு நீல அலையை எல்லோரும் போடுகிறோம். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831 வாக்கில் செய்த மர அச்சுப் படத்திலிருந்து வந்த சாயல் அது. அவர் வரைந்தது சுனாமியே இல்லை என்கிறார்கள் அறிந்தவர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கரையில் நின்றிருந்தவர்களை தேவனாம்பட்டினத்திலோ சிங்காரத்தோப்பிலோ கேட்டுப் பாருங்கள். சுருண்ட அலையை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. கறுப்பாகத் தண்ணீர், மொத்தமாக எழும்பி, நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருந்தது என்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாம் படம் காட்டிப் பழக்குவது வராத அலையை. வருகிற தண்ணீரை அவர்கள் பார்த்தால் அது சுனாமி என்று தெரியுமா?

கைபேசிக்கு வரும் வரைபடங்களுக்கு வருகிறேன். புயல் போகும் பாதையைக் காட்டி, முன்னால் போகப்போக அகலமாகும் புனல் ஒன்று வரைகிறீர்கள். புயலின் மையம் அந்த எல்லைக்குள் எங்கேயும் போகலாம், நாள் தள்ளத் தள்ள கணிப்பு இளகுகிறது என்பது அதன் பொருள். எங்கள் டீக்கடையில் அதன் பொருள், புயல் வரவரப் பெருத்துக்கொண்டே வருகிறது. புனலுக்கு வெளியே ஊர் இருந்தால் தப்பித்தோம். செயற்கைக்கோள் படத்திலும் இதே கூத்து. நடுவில் சிவப்பாகத் தெரிவதை "அனல் பறக்குது பாரு" என்கிறார்கள். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதற்குப் பூசிய நிறம் அது. குளிருக்குச் சிவப்பு பூசலாம், தப்பில்லை. பூசினோம் என்பதை ஓரத்தில் தமிழில் ஒரு வரி போட என்ன கஷ்டம்?

அந்த ஒரு வரிக்கு அக்கா மகளின் நோட்டில் அழகான பெயர் ஒன்று கிடைத்தது. ரோலான் பார்த் என்ற பிரெஞ்சுக்காரர் 1964இல் சொன்னதாம்: படம் பல பொருளுக்கும் இடம் கொடுத்து மிதந்துகொண்டிருக்கும், பக்கத்தில் உள்ள எழுத்துதான் அதை ஓர் இடத்தில் நிறுத்தும், நங்கூரம் மாதிரி. துறைமுகத்து ஊர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? நங்கூரம் இல்லாத படத்துக்கு என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு புயலுக்கும் பார்க்கிறோம். 2015 வெள்ளத்தில் எடுத்த போட்டோ 2020இல் நிவர் வந்தபோது சுற்றியது, 2024இல் ஃபெஞ்சல் வந்தபோதும் சுற்றியது. போட்டோ பொய் இல்லை, அந்தத் தண்ணீர் உண்மையாகவே அங்கே நின்றது. என்றைக்கு என்பதை மட்டும் போட்டோ சொல்லாது. நீங்கள் வெளியிடும் படங்களிலும் தேதி, கீழே பேன் குஞ்சு மாதிரி ஒரு மூலையில் இருக்கிறது. அனுப்புகிறவர் அதை வெட்டிவிட்டு அனுப்புகிறார். படத்தின் நடுவிலேயே, வெட்டினால் படமே போய்விடும் இடத்தில், நாளும் மணியும் பெரிதாக இருக்கட்டும். "இது இத்தனை மணி வரைதான் செல்லும்" என்பதும் கூடவே.

கைகூப்பிய படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு நான் உண்மையாக இல்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் நடப்பதுதான் இது, எனக்கு வருமானமும் அதில்தான். ஆனால் நம் ஊர் பேனர் வழக்கில் கைகூப்பிச் சிரிக்கும் முகத்துக்கு ஒரே பொருள்: வருக, வருக. "உடனே வெளியேறுங்கள்" என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அது நிற்கும்போது எழுத்து போ என்கிறது, படம் வா என்கிறது. எழுத்துத் தெரியாதவர் எதைக் கேட்பார்? முகம் போட்டே ஆக வேண்டும் என்றால் நிவாரணம் கொடுக்கும் நாளைக்குப் போடுங்கள். ஓடச் சொல்லும் பேனரில் வேண்டாம்.

கேட்பது பெரிய செலவு இல்லை. கூண்டின் எண் சொல்லும்போது கூண்டின் படத்தையும் காட்டுங்கள், புயல் எங்களுக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதை ஒரு கோடு போட்டு, கோட்டில் கெடிலத்தையும் உப்பனாற்றையும் கலங்கரை விளக்கத்தையும் வையுங்கள். அட்சரேகையை எங்களால் அடையாளம் காண முடியாது, ஆற்று முகத்துவாரத்தை முடியும். நிறத்தோடு உருவத்தையும் சேருங்கள், மஞ்சள் எச்சரிக்கைக்குப் பின்னணி முழுக்க மஞ்சள் பூசாதீர்கள். தங்குமிடத்துக்கு வழி காட்டும்போது கட்டடத்தின் முகப்பை போட்டோ எடுத்துப் போடுங்கள். போர்டை மாட்டியதும் இரண்டு பக்கமிருந்தும் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அச்சுக்கு அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பு, எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் கரையில் நான்கு பேரிடம் காட்டி "இது என்ன சொல்லுது?" என்று கேளுங்கள். விளக்கம் சொல்லக் கூடாது, தலையாட்டவும் கூடாது. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்புங்கள். ஆயா வாரத்தில் நான்கு நாள் காலை ஏழரைக்கு மீன் கூடையோடு கடை வாசல் வழியாகத்தான் போகிறார். கூப்பிட்டுக் காட்டிவிட்டு, என்ன சொன்னார் என்று அன்றைக்கே தெரிவிக்கிறேன். மாதிரி அச்சுக்குச் சதுர அடிக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
முதுநகர் பிளக்ஸ் கடைக்காரன்